முருகைத் தொட்டியும் போசணைச் செறிவும்: தூய்மை பற்றிய ஒரு கருத்தின் வரலாறு

வெப்பவலயக் கடல்களில் வாழும் முருகைகளைக் கண்ணாடித் தொட்டியொன்றில் உயிரோடு பேணுதல் இன்று பல நாடுகளில் வீட்டுக் கலையாக வளர்ந்துள்ளது. அத்தொட்டிகளின் முன்னே அமர்ந்திருப்போரை ஓயாது வாட்டும் கேள்வி ஒன்று உண்டு: நீரில் நைத்திரேற்று எவ்வளவு, பொசுபேற்று எவ்வளவு? இலீற்றருக்கு ஒரு மில்லிகிராமின் நூறிலொரு பங்கினை அளந்து, அதனைக் கூட்டவும் குறைக்கவும் அவர்கள் படும் பாடு பிறருக்கு வேடிக்கையாகத் தோன்றலாம். ஆயினும், ஒன்றரை நூற்றாண்டுக்கும் மேற்பட்ட வரலாறு அக்கேள்விக்கு உண்டு. நீர் எவ்வளவுக்குத் தூயதோ அவ்வளவுக்கு முருகைக்கு நன்று என்ற நம்பிக்கை எவ்வாறு தோன்றியது, எவ்வாறு வெற்றி கண்டது, பின்னர் அவ்வெற்றியின் உச்சத்திலேயே எவ்வாறு பிழைபட்டது என்பனவே அவ்வரலாற்றின் முக்கிய கூறுகள்.

முருகையை வீட்டில் வளர்த்தவர்களுள் முதலிடம் பெறவேண்டியவர் அன்னா தைன் என்னும் ஆங்கிலப் பெண்மணியாவார். வெஸ்ற்மின்ஸ்ரர் தேவாலயத்தின் துணை முதல்வராயிருந்தவரின் மனைவியான இவர், 1846இல் ரோர்க்கே கடற்கரையிற் கண்ட சிறு கல்முருகைகளை ஒரு கற்சாடியில் இட்டு இலண்டனுக்குக் கொண்டு சென்றார். வழியில் அவை உருண்டு மோதாதிருக்கும்பொருட்டு ஊசியும் நூலும் கொண்டு அவற்றை ஒரு பெரிய கடற்பஞ்சில் தைத்துவைத்தார் என்பது கவனிக்கத்தக்கது. இலண்டனிற் கடல்நீர் எளிதிற் கிடைப்பதன்று. ஆகவே இருந்த நீரையே மீண்டும் மீண்டும் பயன்படுத்தவேண்டியதாயிற்று. திறந்த சாளரத்தின் முன் நின்று, நீரை ஒரு பாத்திரத்திலிருந்து இன்னொன்றுக்கு நாள்தோறும் அரைமணி நேரத்துக்கும் மேலாக ஊற்றி ஊற்றிக் காற்றூட்டும் வேலை வீட்டுப் பணிப்பெண் ஒருத்தியின் கைகளில் விடப்பட்டது. இன்றைய தொட்டிகளில் மின்பம்பி செய்யும் பணியை முதலிற் செய்தவள் அவளே. அவளுடைய பெயர் எந்த நூலிலும் இல்லை. 1847இல் அன்னா தைன் கடற்பாசி படர்ந்த கற்களையும் தருவித்து நீரிலிட்டார். அம்முருகைகள் ஏறத்தாழ மூன்று ஆண்டுகள் வாழ்ந்து இனம்பெருக்கின. அவரது குறிப்புகள் 1859இலேயே அச்சேறின.

அவர் வளர்த்தவை குளிர்நீர் முருகைகள். அவற்றின் இழையத்தினுள் அல்காக்கள் இல்லை. எனவே பின்னர் எழவிருந்த சிக்கலின் ஒரு பாதியை அவர் எதிர்கொள்ளவில்லை எனலாம்.

1850இல் ரொபேட் வாரிங்ரன் என்னும் இரசாயனவியலாளர் மீன், நீர்த்தாவரம், நத்தை ஆகிய மூன்றையும் ஒரே கலத்தில் இட்டு, ஒன்றின் கழிவு மற்றொன்றின் உணவாகும் சமநிலையை விளக்கினார். 1854இல் வெளிவந்த பிலிப் ஹென்றி கோஸின் நூல் இக்கருத்தை இங்கிலாந்தின் நடுத்தர வகுப்பு வீடுகளிற் பரப்பியது. தாவரம் ஒட்சிசனைத் தரும், விலங்கு காபனீரொட்சைட்டைத் தரும், இரண்டும் ஈடுசெய்யும் என்ற அளவில் அவர்களது கணக்கு சரியே. ஆனால் அக்கணக்கில் வாயுக்கள் மட்டுமே இடம்பெற்றன. உணவோடு உட்புகும் நைதரசனும் பொசுபரசும் எங்கே செல்கின்றன என்பது கேட்கப்படவில்லை. எனவே வாங்கி வைத்த தொட்டிகள் பல சில மாதங்களிற் கலங்கி நாறின. ஒரு பத்தாண்டு முடியுமுன் அந்த மோகமும் தணிந்தது. பொது நீருயிர்க் காட்சிச்சாலைகளே நிலைத்தன. 1871இல் திறக்கப்பட்ட இலண்டன் பளிங்கு மாளிகைக் காட்சிச்சாலையில் வில்லியம் அல்போர்ட் லொயிட் காட்சித் தொட்டிகளிலும் பன்மடங்கு பெரிய இருண்ட நீர்த்தேக்கமொன்றைக் கீழே அமைத்து நீரை இடையறாது சுழலவிட்டார். இது கழிவை அகற்றுவதன்று. பெருநீரிற் கரைத்துச் செறிவைக் குறைப்பதே.

கழிவின் போக்கை விளக்கியது மண்ணியல் ஆய்வு. அமோனியா நைத்திரேற்றாக மாறுவது உயிர்களின் செயலென 1877இல் பிரான்சில் ஷ்லோசிங், முன்ற்ஸ் ஆகியோர் காட்டினர். அவ்வுயிர்களான பற்றீரியாக்களை 1890இல் வினோகிராட்ஸ்கி பிரித்தெடுத்தார். விவசாயிக்கு நைத்திரேற்று உரம். தொட்டியை உடையவனுக்கோ அது எச்சம். நச்சுத்தன்மை மிக்க அமோனியா நைத்திரைற்றாகவும் நைத்திரேற்றாகவும் மாறியபின், மூடிய நீரில் அதற்குப் போக்கிடமில்லை. பொசுபேற்றின் நிலை இன்னும் கடினமானது. நைதரசன் வாயுவாகி வெளியேற வழியுண்டு. பொசுபரசுக்கு அவ்வழியும் இல்லை. உலர்ந்த மீனுணவில் நூற்றுக்கு ஒரு பங்கு பொசுபரசு எனக் கொள்வோமாயின், 1 கிராம் உணவு 10 மில்லிகிராம் பொசுபரசை, அதாவது ஏறத்தாழ 30 மில்லிகிராம் பொசுபேற்றைத் தரும். 200 இலீற்றர்த் தொட்டியொன்றில் அது இலீற்றருக்கு 0.15 மில்லிகிராம் ஆகும். முருகைப் பாறைகளைச் சூழ்ந்த திறந்த கடலில் உள்ள அளவு பெரும்பாலும் இதிற் பத்திலொன்றை எட்டுவதில்லை. ஒருநாள் இடும் உணவே இவ்வாறாயின், அகற்றுவார் இன்றேல் ஒரு திங்களில் நிகழ்வதைக் கணக்கிட்டுக் கொள்ளலாம்.

இதற்கிடையில் முருகையின் உடல் பற்றிய அறிவும் வேறொரு பாதையில் வளர்ந்துகொண்டிருந்தது. விலங்குகளின் இழையத்துள் வாழும் மஞ்சள் நிற நுண்ணுயிர்களுக்கு 1881இல் காள் பிரான்ற் என்னும் ஜேர்மானியர் சூசாந்தெல்லா எனப் பெயரிட்டார். அவை ஒளித்தொகுப்புச் செய்யும் அல்காக்கள் என்பது தெளிவாயிற்று. ஆனால் முருகைக்கு அவற்றால் யாது பயன்? 1928-29இல் அவுஸ்திரேலியப் பெருந்தடுப்புப் பாறைத்தொடரின் லோ தீவுகளிற் சார்ள்ஸ் மொரிஸ் யோங் தலைமையில் தங்கிய ஆய்வுக்குழு இவ்வினாவை நேரடியாக எடுத்துக்கொண்டது. முருகை ஓர் ஊனுண்ணி; அல்கா அதற்கு உணவளிப்பதில்லை, கழிவை அகற்றும் வேலையையே செய்கின்றது என யோங் முடிவு செய்தார். இம்முடிவின் முற்பாதி பின்னர் தகர்ந்தது. லெனாட் மஸ்கற்றைன் 1960களில் மேற்கொண்ட ஆய்வுகள், அல்காக்கள் தாம் ஆக்கும் காபன் சேர்வைகளைப் பொலிப்புக்கு வழங்குகின்றன என்பதை ஐயமற நிறுவின. ஆயினும் யோங்கின் முடிவில் ஓர் உண்மை பொதிந்திருந்தது: பொலிப்பின் கழிவாகிய நைதரசனும் பொசுபரசும் கடலுக்குள் இழக்கப்படாமல் அல்காவிடம் சென்று, மீண்டும் பயன்படுகின்றன. 1977இல் மஸ்கற்றைனும் போர்ட்டரும் எழுதிய புகழ்பெற்ற கட்டுரை, இவ்வொன்றியவாழ்வைப் போசணை வறிய கடலுக்கான இசைவாக்கமாக விளக்கியது. வறிய நீரில் வளமிக்க வாழ்வு எவ்வாறு என்ற இப்புதிர் டார்வினின் பெயரால் வழங்குகின்றது. பெயர் அவருடையதாயினும், வினா இன்றைய வடிவம் பெற்றது இருபதாம் நூற்றாண்டின் இரசாயன அளவீடுகளின் பின்னரே எனல் பொருந்தும்.

இவ்விளக்கத்திலிருந்து தொட்டி வளர்ப்போர் எடுத்துக்கொண்டது ஒரு சொல் மட்டுமே: வறுமை. கடல் வறியது, ஆகவே தொட்டியும் வறியதாதல் வேண்டும் என்றனர். கடலின் வறுமை நீரின் வறுமையே அன்றி உணவின் வறுமை அன்று என்பதும், பாறைமீது நாள்தோறும் மிதவையுயிர்களைச் சுமந்துவரும் நீரின் மொத்த அளவு மிகப் பெரிது என்பதும் மறக்கப்பட்டன. செறிவு வேறு, வரத்து வேறு. அடுத்த அரைநூற்றாண்டின் தடுமாற்றங்கள் பலவும் இவ்வேறுபாட்டைக் காணத் தவறியதனால் விளைந்தவையே.

வெப்பவலய முருகைகளை நெடுங்காலம் வளர்ப்பதில் முதல் வெற்றி கண்டவர்கள் கடலை அண்டி வாழ்ந்தோர் ஆவர். நியூகலிடோனியாவின் நூமியா நகரில் 1956இல் ரெனே கற்றாலா அமைத்த காட்சிச்சாலையிற் கடல்நீர் இடையறாது வந்து சென்றமையாற் போசணைத் தேக்கம் என்ற சிக்கலே எழவில்லை. மூடிய நீரில் வென்றவர் ஜகார்த்தாவைச் சேர்ந்த லீ சின் எங். 1961இல் அமெரிக்க மீன்வளர்ப்பு ஏடொன்றில் அவர் தம் முறையை வெளியிட்டார். அது மிக எளியது: இயற்கைக் கடல்நீர், சூரிய ஒளி, மெல்லிய காற்றுக்குமிழ், கடலிலிருந்து எடுத்த உயிர்ப்பாறை. நுண்ணுயிர்களும் பாசிகளும் குடிகொண்ட நுண்டுளைச் சுண்ணப்பாறையே உயிர்ப்பாறை எனப்படுவது. அதன் மேற்பரப்பில் அமோனியா நைத்திரேற்றாகின்றது. ஒட்சிசன் குன்றிய உட்பகுதியில் வேறு பற்றீரியாக்கள் அந்நைத்திரேற்றை நைதரசன் வாயுவாக்கி வெளியேற்றுகின்றன. லீ சின் எங் தம் வெற்றியை இவ்வாறு இரசாயன மொழியில் விளக்கினாரில்லை. ஆயினும் வேண்டிய வேலை அவரது தொட்டியில் நடந்தது.

மேலை நாட்டார் அதனைப் பின்பற்ற இருபதாண்டுகளுக்கு மேலாயிற்று. கடலும் சூரியனும் கைக்கெட்டும் வெப்பவலயத்தவருக்கே அது பொருந்தும் எனப் பலர் ஒதுக்கினர். ஆசிய நகரொன்றிலிருந்து வந்த அறிவு, கருவி ஏதும் விற்பதற்கு இடந்தராத அறிவு, வணிக ஏடுகளில் வேரூன்றாமற் போனதில் வியப்பில்லை.

வேரூன்றியது வடிகட்டி. 1950கள் தொட்டு, தொட்டியின் அடியிற் பரப்பிய சரளைக்கல்லினூடாக நீரை இழுக்கும் முறை பரவியது. 1986இல் ஜோர்ஜ் ஸ்மிற் என்பவர் ஒல்லாந்தரின் முறையொன்றை அமெரிக்க வாசகர்க்கு அறிமுகஞ் செய்தார். அதில் நீர் துளித்துளியாகப் பிளாத்திக்குத் துண்டுகள்மீது வழிந்து, காற்றோடு கலந்து, பற்றீரியாக்களாற் சுத்திகரிக்கப்பட்டது. அமோனியா அகன்றது, மீன்கள் பிழைத்தன. நைத்திரேற்றோ ஏறிக்கொண்டே போயிற்று. ஒட்சிசன் நிறைந்த அமைப்பில் அதனை மீண்டும் வாயுவாக்கும் பற்றீரியாக்களுக்கு இடமில்லை. வளர்ப்போரே பின்னர் அவ்வடிகட்டியை நைத்திரேற்றுத் தொழிற்சாலை எனக் கேலி செய்தனர். மென்முருகைகள் ஓரளவு தாங்கின. கொம்புபோற் கிளைக்கும் கல்முருகைகள் கருகி மாண்டன. எஞ்சிய பாறையை மயிர்ப்பாசி மூடிற்று.

மாற்றம் பேர்லினில் எழுந்தது. அந்நகரின் ஆர்வலர்கள், அவர்களுட் சிறப்பாக டீற்றிக் ஸ்ரூபர், வடிகட்டியைக் கைவிட்டு மூன்றை மட்டும் வைத்துக்கொண்டனர்: உயிர்ப்பாறை, வலிய ஒளி, நுரைபிரிப்பான். நுரைபிரிப்பான் நுண்ணிய காற்றுக்குமிழ்களில் ஒட்டும் புரதம் முதலியவற்றை நுரையாக்கி, அவை அழுகி அமோனியாவாகுமுன்பே நீரிலிருந்து வெளியேற்றும். சுவிற்சலாந்தைச் சேர்ந்த பீற்றர் வில்கென்ஸ், கல்சியம் ஐதரொட்சைட்டுக் கரைசலாகிய சுண்ணாம்பு நீரை ஊற்றி, முருகை எலும்பமைக்க வேண்டிய கல்சியத்தை ஈடுசெய்யக் காட்டினார். இவ்விரண்டும் சேர்ந்தபோது கல்முருகை வீட்டுத் தொட்டியில் வளரலாயிற்று. ஸ்ரூபரின் தொட்டியில் வளர்ந்த கிளைமுருகையின் துண்டுகள் கைமாறிக் கைமாறி நாடுகளைக் கடந்தன. ஜகார்த்தாவின் பாறை பேர்லினின் பெயரோடு உலகை வலம்வந்தது என்று கூறின் மிகையாகாது.

அதே காலத்தில் வேறு வழிகளும் ஆராயப்பட்டன. அமெரிக்காவின் சிமித்சோனியன் நிறுவகத்தில் வோல்ரர் ஏடி, வலைமீது பாசியை வளர்த்து அறுவடை செய்வதன் மூலம் போசணையை அகற்றினார். மொனாக்கோவில் ஜோன் ஜோபேர், ஆழமான மணற்படையின் அடியில் நீர்வெளி விட்டு, அங்கு நைத்திரேற்று வாயுவாகச் செய்தார். இவை ஒவ்வொன்றும் தனிக் கட்டுரைக்கு உரியன.

போசணை மீதான அச்சத்துக்குக் கடலியலாரும் சான்று தந்தனர். ஹவாயின் கானியோகே விரிகுடாவில் நகரக் கழிவுநீர் விழுந்தபோது குமிழ்ப்பாசி முருகைகளை மூடியது. 1977-78இற் கழிவு ஆழ்கடலுக்குத் திருப்பப்பட்டபின் பாசி பின்வாங்கியது. அவுஸ்திரேலியாவின் வன் ற்றீ தீவிற் பாறைத்திட்டொன்றுக்குப் பல மாதங்கள் நைதரசனும் பொசுபேற்றும் ஊட்டிய கின்சி, டேவிஸ் ஆகியோர், சுண்ணம் படிதல் பாதிக்கு மேல் குன்றியதை 1979இல் அறிவித்தனர். பொசுபேற்று அயன்கள் கல்சியம் காபனேற்றுப் பளிங்கின் மேற்பரப்பில் ஒட்டி, அதன் வளர்ச்சியைத் தடுக்கும் என்பது இரசாயனவியலில் அறிந்த செய்தி. ஆகவே 1990களில் இலீற்றருக்கு 0.03 மில்லிகிராமுக்கு மேற் பொசுபேற்று இருத்தலாகாது என்ற விதி வளர்ப்போரிடையே வேதவாக்காயிற்று. குழாய்நீரையே ஐயுறத் தொடங்கினர். அவ்வையம் வீணன்று: உரமிட்ட தோட்டங்களின் நைத்திரேற்றுச் சுண்ணக்கற் படையினூடாகக் கிணறுகளை அடையும் யாழ்ப்பாணக் குடாநாட்டை அறிந்தோர்க்கு, தெளிந்த நீர் வறிய நீர் ஆகாது என்பதை விளக்கவேண்டியதில்லை.

ஆனால் விதி அத்தோடு நிற்கவில்லை. குறைவு நன்றெனின், இன்மை மிக நன்று என்ற முடிவு எளிதாகவே பிறந்தது. குடிநீரிலிருந்து ஆசெனிக்கை நீக்க ஜேர்மனியில் உருவான பெரிக்கு ஐதரொட்சைட்டு மணிகள் பொசுபேற்றை உறிஞ்சுவதற்குத் தொட்டிகளில் இடப்பட்டன. 2000களில் வொட்கா என்னும் மதுவைத் துளித்துளியாக ஊற்றும் வழக்கமும் பரவிற்று. மதுவின் காபனை உண்டு பெருகும் பற்றீரியாக்கள் தம் உடலைக் கட்ட நைத்திரேற்றையும் பொசுபேற்றையும் இழுத்துக்கொள்ள, அப்பற்றீரியாக்களை நுரைபிரிப்பான் வெளியேற்றும் என்பதே அதன் தருக்கம். தருக்கம் பலித்தது. சோதனைக் குப்பியின் நீலநிறம் மறைந்தது. முருகைகள் முதலில் வெளிர்வண்ணமாய் ஒளிர்ந்தன. உள்ளிருக்கும் பழுப்பு அல்காக்கள் குறைந்தமையாற் பொலிப்பின் சொந்த நிறமிகள் புலப்பட்டன. அதனை அழகெனக் கொண்டாடினர். பின்னர் நுனிகள் வெளுத்தன, இழையம் எலும்பிலிருந்து உரிந்தது. பாசியும் பற்றீரியாவும் ஒடுங்கிய பாறைமேல் பழுப்புநிறச் சளிபோல் வேறு இருசவுக்குயிர்கள் படர்ந்தன. நோய்க்குக் காரணம் அழுக்கென எண்ணிய பலர் நீரை மேலும் தூய்மையாக்கினர், நோயும் மிகுந்தது.

இப்பிழையைத் தடுத்திருக்கக்கூடிய சான்று முன்னரே அச்சில் இருந்தது என்பதே இதில் வருந்தத்தக்கது. ஹொனலூலுவில் உள்ள வைக்கீக்கி காட்சிச்சாலை கடற்கரைக் கிணறொன்றிலிருந்து உவர்நீரைப் பெறுகின்றது. அதில் நைத்திரேற்று இலீற்றருக்கு ஏறத்தாழ 0.3 மில்லிகிராம், பொசுபேற்று 0.06 மில்லிகிராம்; பாறைகளைச் சூழ்ந்த கடலை நோக்க இவை மிகை. அந்நீரிலேயே பல இன முருகைகள் செழித்து வளர்ந்தமையை அற்கின்சன், கார்ல்சன், குரோ ஆகிய மூவரும் 1995இல் அறிவித்தனர். மறுபுறம், வன் ற்றீ தீவில் 1990களில் மீண்டும் நடந்த விரிவான உரமூட்டல் ஆய்விலும் முருகைகள் உடனே மடிந்துவிடவில்லை. இனப்பெருக்கம் முதலியவற்றிலேயே பாதிப்புத் தெரிந்தது. போசணை நஞ்சு என்ற எளிய சூத்திரத்துக்கு இவை பொருந்தவில்லை. அளவுக்கு அப்பால் ஏதோவொன்று கணக்கிற் சேர்க்கப்படவேண்டியிருந்தது.

அதனைச் சேர்த்தவர்கள் இங்கிலாந்தின் சவுதாம்ப்ரன் பல்கலைக்கழகத்தினர். அங்கு ஜோர்க் வீடன்மன், செசிலியா டி ஆஞ்செலோ ஆகியோர் முருகைகளை நெடுங்காலம் வளர்த்த ஆய்வுத் தொட்டிகள் அமைப்பில் ஆர்வலர்களின் தொட்டிகளை ஒத்தவை. 2013இல் இக்குழு வெளியிட்ட முடிவு பின்வருமாறு: நைத்திரேற்று மிகுந்து பொசுபேற்றுக் குன்றிய நீரில் முருகையின் அல்காக்கள் பெருகுகின்றன, பெருகியவற்றுக்குப் பொசுபரசு போதாமற் போகின்றது, அவற்றின் மென்சவ்வுகளிற் பொசுபோ இலிப்பிட்டுகளின் இடத்தைக் கந்தகம் கொண்ட இலிப்பிட்டுகள் பிடிக்கின்றன, அந்நிலையில் வெப்பமோ ஒளியோ சற்று மிகுந்தால் முருகை வெளிறுகின்றது. உரம் கொல்வது நேராக அன்று. ஒரு போசணையை மிகுவித்து மற்றொன்றின் பஞ்சத்தை உண்டாக்கிக் கொல்கின்றது. 2017இல் அதே குழுவினர், பொசுபேற்றுக் குறைவே வெளிறலைத் தூண்ட வல்லது என்பதை மேலும் தெளிவுறுத்தினர். பொசுபேற்றை மட்டும் உறிஞ்சி நைத்திரேற்றை விட்டுவைத்த வீட்டுத் தொட்டிகளில் நேர்ந்தது இதுவே. விவசாய நிலத்தின் நைதரசன் வந்துசேரும் கரையோரப் பாறைகளிலும் இதே நிலை உருவாகக்கூடும்.

விகிதம் என்றவுடன் வளர்ப்போர் ரெட்பீல்டை நாடினர். அல்பிரட் ரெட்பீல்ட் 1934 முதல் ஆராய்ந்து, கடல் மிதவையுயிர்களில் நைதரசனுக்கும் பொசுபரசுக்கும் உள்ள விகிதத்தை நிறுவினார். அது 16:1 என நிலைபெற்றது. இதனை அப்படியே தொட்டிக்குரிய கட்டளையாகக் கொள்வோர் இரு தவறுகளைச் செய்கின்றனர். அது அணுக்களின் எண்ணிக்கை விகிதம். நைத்திரேற்று, பொசுபேற்று என மில்லிகிராமில் அளக்கும்போது அது ஏறத்தாழ 10:1 ஆகிவிடும். மேலும் அது கடலின் சராசரி விவரணமேயன்றி முருகைக்கு எழுதிய மருந்துச்சீட்டு அன்று. இரண்டும் முற்றாக இல்லாதொழியும் நீரில் எந்த விகிதமும் பொருளற்றது.

இன்று வளர்ப்போர் பலர் நைத்திரேற்றை இலீற்றருக்கு 2 முதல் 10 மில்லிகிராம் வரையிலும், பொசுபேற்றை 0.03 முதல் 0.1 வரையிலும் வைத்திருக்க முயல்கின்றனர். அளவு மிகக் குறைந்தாற் சோடியம் நைத்திரேற்று, பொசுபேற்று உப்புகளைத் தாமே கரைத்து ஊற்றுகின்றனர். மீன்களுக்கு நிறைய உணவிட்டு, நுரைபிரிப்பானால் நிறைய அகற்றும் வழக்கமும் வலுப்பெற்றுள்ளது. செறிவு சிறிதாயினும் வரத்துப் பெரிது என்ற கடலின் ஒழுங்குக்கு இது அணித்தானது. எண்ணைத் திடீரென மாற்றுவதே எண்ணின் மிகையிலும் கெடுதி என்பதையும் அனுபவம் உணர்த்தியுள்ளது. சுண்ணப்பாறை பொசுபேற்றைத் தன்னுள் பிடித்துவைத்து, நீர் வறியதாகும்போது மீண்டும் கசியவிடுவதால், ஒரே நாளில் உறிஞ்சி எடுத்த அளவு மறுவாரம் திரும்பி வருவதுண்டு.

2023இல் வீடன்மனும் உடன்பணியாளரும் இன்னுமோர் உண்மையை வெளியிட்டனர். வேறு உணவேதும் இடாது, நீரிற் கரைந்த நைதரசனையும் பொசுபரசையும் மட்டும் பெற்ற தொட்டிகளில் முருகைகள் வளர்ந்தன. பொலிப்புகள் தம்முள் வளரும் அல்காக்களின் ஒரு பகுதியையே சமித்து, அவ்வழியாக அப்போசணையைப் பெறுகின்றன. யோங் உணவளிப்பதில்லை என்று கூறிய அல்காவே உணவாகின்றது. இதனைக் கடலிற் சோதிக்க அவர்கள் இந்து சமுத்திரத்தின் சாகோஸ் தீவுக்கூட்டத்துப் பாறைகளை நோக்கினர். அங்கே சில தீவுகளிற் கடற்பறவைகள் பெருங்கூட்டமாகக் கூடுகட்டுகின்றன. எலிகள் குடியேறிய தீவுகளில் அவை இல்லை. பறவைகளின் எச்சம் மழையோடு கடலிற் கலக்கும் தீவுகளின் ஓரத்து முருகைகளே விரைந்து வளர்ந்திருந்தன.